மூடை இன்னும் கட்டல

போன மாதம் வடுகபட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் விடுகிற நேரமாக இருந்தது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். கேட்டில் சத்தமே இல்லை. பெற்றவர்கள் வரிசையாக நின்று போனைக் காட்டுகிறார்கள். போனுக்கு வந்த நம்பரைக் கேட்டில் நிற்கும் டீச்சர் பார்த்துச் சரி என்றதும் பிள்ளை வெளியே வருகிறது. நல்ல ஏற்பாடுதான். குறை சொன்னால் என் நாக்குத்தான் அழுகும். ஆனாலும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. நான் நின்ற காலத்தில் அந்தக் கேட்டில் சாயங்காலம் சந்தை தோற்றுவிடும். ஒருவர் "பரோட்டா" என்பார், உள்ளேயிருந்து "சால்னா" என்று பதில் வரும். இன்னொருத்தி "கோன் ஐஸ்" என்பாள், "உருகிப் போச்சு" என்று ஒரு பிள்ளை குதித்துக்கொண்டு ஓடிவரும்.

தெரியாதவர்கள் பார்த்தால் இது பள்ளிக்கூடமா, பைத்தியக்கார ஆஸ்பத்திரியா என்று நினைப்பார்கள். அதனால் விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

ஒரு சின்னச் சபை நடத்திய சின்னப் பள்ளிக்கூடம் அது. எல்.கே.ஜி.யிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆலயத்துக்குப் பக்கத்தில் ஓட்டுக்கூரை போட்ட வகுப்பறைகள், நடுவில் ஒரு வேப்பமரம், சுற்றிலும் சுவர், ஒரே ஒரு கேட். பிள்ளைகளில் பாதிப் பேர் திருநீறு பூசிக்கொண்டுதான் காலை ஜெபத்துக்கு வந்து நிற்பார்கள். நானும் அப்படித்தான். ஜெயமங்கலத்தில் வீட்டுச் சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு பஸ் ஏறி வந்து, பிள்ளைகளோடு சேர்ந்து கர்த்தரைப் பாடுவேன். நெற்றியைப் பார்த்து யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பூண்டுக் கடைகளில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் நிறைய என்பதால், மழைக்காலத்தில் கதவைச் சாத்திப் பாடம் நடத்தினால் வகுப்பே ரசம் தாளித்த அடுப்படி மாதிரி மணக்கும். இப்போதும் ரசத்துக்குப் பூண்டு தட்டும்போதெல்லாம் அந்த இரண்டாம் வகுப்பு எனக்கு ஞாபகம் வந்துவிடும்.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு தாய்மாமன் வந்தார். அக்காள் மகனைக் கூட்டிக்கொண்டு போனார். பையனுக்கும் மாமனைத் தெரியும், எங்களுக்கும் முகம் தெரியும், விட்டுவிட்டோம். ஆனால் அவர் அக்காளிடம் சொல்லவில்லை. அந்தம்மா வந்து பிள்ளையைக் காணாமல் தெருவில் விழுந்து அழ, ஊரே கிணறு கிணறாக எட்டிப் பார்க்க, எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆலயத்தில் முழங்காலில் நிற்க, விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமனும் மருமகனும் பைக்கில் வந்து இறங்கினார்கள். வைகை அணைக்குப் போய்ப் பொரித்த மீன் தின்றுவிட்டு வந்தார்களாம். பையன் கையில் மிச்ச மீன் ஒரு பொட்டலம். அக்காள் தம்பியை அடித்த அடியை நான் இன்றுவரை வேறெங்கும் பார்க்கவில்லை.

மறுநாளே ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். அவர் சபை போதகரின் மனைவி. மெதுவாகப் பேசுவார், சொன்னதை மாற்றமாட்டார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சொல், ஒரு மறுசொல். வீட்டில் பிள்ளையும் அம்மாவும் சேர்ந்து யோசித்து வைக்க வேண்டும். கூப்பிட வருகிறவர் சொல்லைச் சொல்ல வேண்டும். பிள்ளை மறுசொல் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கேட் திறக்கும். பெற்ற தகப்பனே வந்தாலும் இதுதான் சட்டம். கேட்டுக்குப் பொறுப்பு யார் என்றபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தொண்டை பெரிசு.

ஒரு சொல் போதாதா, மறுசொல் வேறு எதற்கு, நமக்கு வேறு வேலை இல்லையா என்று நான் சண்டைக்குப் போனேன்.

"சொல்லை யாரும் திருடிரலாம் டீச்சர்" என்றார். "மறுசொல் பிள்ளை வாயில இருக்கு. அதுவா மனசு வச்சுத் தந்தாத்தான் உண்டு."

திருட்டு என்ன திருட்டு, ஒரே வாரத்தில் எல்லாச் சொல்லும் ஊர்ச்சொத்தாகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடைவீதியில் போனால், "இந்தா போகுது பாரு, பரோட்டா வீட்டம்மா" என்பார்கள். ஒரு தாத்தா பேரனின் சொல்லைத் தினமும் மறந்துவிடுவார். கத்தரிக்காயில் ஆரம்பித்துக் காய்கறி மார்க்கெட் முழுவதையும் ஒப்பிப்பார். பேரன் உள்ளேயிருந்து இரண்டு கையாலும் பெரிய வட்டமாகப் போட்டுக் காட்டுவான். "ஏலே, சைகை காட்டுனா இன்னிக்கு இங்கனதான் படுக்கணும்" என்று நான் அதட்டுவேன். கடைசியில் தாத்தாவுக்குப் பூசணிக்காய் ஞாபகம் வந்ததும் கேட்டில் நிற்கிற எல்லாரும் கைதட்டுவார்கள். அந்த நேரத்துக்காகவே நான் பகலெல்லாம் காத்திருந்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. வீட்டில் எனக்கு அவ்வளவு சிரிப்பு இருந்ததில்லை.

அந்த வருஷம் பாதியில் ஒரு பெண்பிள்ளை இரண்டாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். ஒல்லியான பிள்ளை, பெஞ்சில் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அவள் அம்மா கம்பத்தில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, பூண்டுக் கடையில் தரம் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்திருந்தாள். புருஷன் கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறவர். ஒருமுறை ஆசையாகப் பிள்ளையை வண்டியில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். குமுளியில் குடித்தவர், பிள்ளை உள்ளே தூங்குவதை மறந்து வண்டியைப் பூட்டிவிட்டு எங்கேயோ போய் விழுந்துவிட்டார். உச்சி வெயிலில் வேறொரு டிரைவர் அழுகைச் சத்தம் கேட்டுக் கண்ணாடியை உடைத்துத் தூக்கியிருக்கிறார்.

"அவுக கெட்டவுக இல்ல டீச்சர்" என்றாள் அந்தம்மா. "கை நீட்டினதில்ல. ஆனா எம்புள்ளைய மறந்துட்டாக. அவுக வந்தா விட்டுறாதீக."

கேட் விஷயத்தில் கவலையே வேண்டாம் என்று சொன்னேன். அவர்கள் வைத்த சொல் "லோடு ஏத்த வந்திருக்கேன்." மறுசொல் "மூடை ரெடி." பூண்டுக் கடைக்காரி பிள்ளைக்குப் பொருத்தமான சொல்தான் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு அந்தம்மா மூச்சு வாங்க வருவாள். அந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் ஏனோ இறங்கும். பிள்ளையோ தெருவே கேட்கிற மாதிரி "மூடை ரெடி" என்று கத்தி, சிரித்துக்கொண்டே ஓடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் தேனிக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மற்ற டீச்சர்களும் கிளம்பிவிட்டார்கள். நானும் அந்தப் பிள்ளையும் மட்டும் கேட்டுக்கு உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு லோடு வண்டி வந்து கேட்டுக்கு நேராக நின்றது. இன்ஜினை நிறுத்தாமலே, கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஒருவர் இறங்கி வந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் சந்தனம். பிள்ளை "அப்பா" என்று முணுமுணுத்தாள்.  கம்பிக்குப் பக்கத்தில் போய் நான் முதலில் செய்த காரியம் மோந்து பார்த்ததுதான். குடி வாடை இல்லை.

ஊரில் திருவிழா, பிள்ளையைக் கூட்டிப்போய்த் திங்கட்கிழமை கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அந்தத் திறந்த கதவையும் ஓடுகிற இன்ஜினையும் பார்க்கப் பார்க்க, ஏறினால் பிள்ளை கம்பத்தில்தான் இறங்கும், அப்புறம் அந்தம்மா யார் காலில் போய் விழுவாள் என்றுதான் எனக்கு மனசில் ஓடியது. சொல் இல்லாமல் விடமாட்டோம் என்று வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். தெரியாது என்பார், அனுப்பிவிடலாம் என்று தைரியமாக இருந்தேன்.

என்ன சொல்லாக இருக்கும் என்று அவர் விழித்தார். பிறகு என்னை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது.

"லோடு ஏத்த வந்திருக்கேன்" என்றார்.

 அப்போதுதான் புரிந்தது. அது பூண்டுக் கடைச் சொல்லே இல்லை. லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று தகப்பன் சொல்கிற சொல். உள்ளேயிருந்து மகள் "மூடை ரெடி" என்று ஓடிவர, தோளில் மூடை மாதிரித் தூக்கிப் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றுகிற விளையாட்டு என்று அந்தம்மா பிறகு சொன்னாள். தகப்பன் வராமல் இருக்க வைத்த பூட்டுக்குப் பிள்ளை தகப்பன் சாவியைத்தான் கொடுத்து வைத்திருக்கிறாள்.

சொல் சரி. இனி பிள்ளை மறுசொல் சொல்லிவிட்டால் அவரைத் தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றிருந்தது. எழுந்து பையை எடுத்து ஒரு தோளில் மாட்டிவிட்டாள். சிரிப்பு வாய் வரைக்கும் வந்துவிட்டது. பிறகு அவள் கண் வண்டியின் திறந்த கதவுக்குப் போனது. அங்கேயே நின்றது. கை என் சேலை முந்தானையைத் தேடிப் பிடித்தது.

"மூடை இன்னும் கட்டலப்பா" என்றாள்.

அதுவும் அவர்கள் விளையாட்டில் உண்டாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ, கோபமாக இருந்தாலோ அவள் அப்படித்தான் சொல்வாளாம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது நான் பார்த்ததெல்லாம் அந்த மனிதரைத்தான். கேட்டை உதைப்பாரோ, என்னைத் திட்டுவாரோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, அவர் பழக்கத்தில் வந்த வார்த்தையாக, "சரி ஆத்தா, வண்டிய ஓரமாப் போடுறேன்" என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர் மாதிரி நின்றார். கண் நிறைந்துவிட்டது. போய் வண்டியை ஓரமாகப் போட்டு, இன்ஜினை நிறுத்தி, சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

அந்தம்மா வந்து அவரைப் பார்த்ததும் ஓடி வந்து கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை இருப்பதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. இருவரும் தள்ளி நின்று பேசினார்கள். அவள் பேசியதுதான் அதிகம். பிறகு கேட்டுக்கு வந்து, எப்போதும்போலச் சொல்லைச் சொன்னாள். பிள்ளை மறுசொல் சொன்னாள், கத்தாமல். திறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அந்தம்மாவைப் பிடித்து, அந்த ஆளுக்குத் தெரிந்த சொல்லைப் போய் வைப்பார்களா, புத்தி வேண்டாமா என்று பொரிந்து தள்ளிவிட்டேன். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள்.

"தெரியும் டீச்சர்" என்றாள். "இங்க வந்தப்பறம் அவளுக்குச் சிரிப்பு வர்ற சொல்லு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

சொல்லை மாற்றச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸும் சொல்லை மாற்றச் சொல்லவில்லை. மறுசொல் பத்திரமான இடத்தில்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு அந்தத் தகப்பன் வெள்ளிக்கிழமைகளில் வர ஆரம்பித்தார். எல்லா வெள்ளியும் இல்லை. சில மாதம் ஆளையே காணாது. அப்போதெல்லாம் என்ன நடந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். வந்த நாளில் கேட்டுக்கு வெளியே நின்று சொல்லைச் சொல்வார். பிள்ளை "மூடை இன்னும் கட்டல" என்பாள். வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு, கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பார். கம்பி வழியாகக் கடலையும் வாய்ப்பாடும் கதையும் உள்ளே வெளியே போகும். எனக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தம்மா வந்ததும் எழுந்து நின்று, போய்விடுவார். தகப்பனையும் மகளையும் இப்படிக் கம்பி போட்டுப் பிரிக்க நான் யார் என்று சில நாள் இருக்கும். குமுளியில் பூட்டிக் கிடந்த வண்டியை நினைத்தால் மனசு கல்லாகிவிடும்.

பிள்ளை வளர்ந்தாள். ஐந்தாம் வகுப்பின் கடைசி நாள் வந்தது. அடுத்து வேறு பள்ளிக்கூடம்; அங்கே சொல்லும் கிடையாது, மறுசொல்லும் கிடையாது. அன்றைக்கு அந்தம்மா சீக்கிரமே வந்துவிட்டாள். ஆனால் கேட்டுக்கு வரவில்லை. எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டு, கூட வந்திருந்த புருஷனை முன்னால் அனுப்பினாள். வண்டியை முன்பே ஓரமாகப் போட்டிருந்தவர், கம்பிக்கு முன்னால் வந்து நின்றார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது.  சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "லோடு ஏத்த வந்திருக்கேன்" என்றார்.

பிள்ளை அவரைத் தாண்டி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை அசைத்தாள்.

"மூடை ரெடி" என்றாள்.

நான் கேட்டைத் திறந்தேன். அத்தனை வருஷத்தில் அவருக்காக நான் கொண்டியை நீக்கியது அதுதான் முதல் தடவை. அவர் பழைய ஞாபகத்தில் குனிந்தார். தோள் உயரம் வளர்ந்துவிட்ட பிள்ளை வெட்கப்பட்டுச் சிரித்து, முதுகிலிருந்த பையைக் கழற்றி அவர் தோளில் போட்டாள்.

"இத ஏத்துங்கப்பா, போதும்" என்றாள்.

அம்மா முன்னால் நடந்தாள். கொஞ்சம் பின்னால், புத்தகப் பையைத் தோளில் மூடை மாதிரிச் சுமந்துகொண்டு அவர் நடக்க, பிள்ளை இரண்டு பேருக்கும் நடுவில் போனாள். திருப்பத்தில் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். வெறும் கேட்டைப் பூட்டிக்கொண்டு நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும், அவர் வண்டி ஓரமாகவே நின்றுகொண்டிருந்தது.