சாணியும் வாயு முள்ளும்

சென்ற செவ்வாய்க்கிழமை நான் ஆற்றிய சொற்பொழிவை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் நான் ஏறிய மேடைகளெல்லாம் அதற்கு ஒத்திகை என்றே சொல்வேன்.

இடம், மரக்காணத்துக் கடற்கரை. கரையில் நின்றபடியே கடலுக்கு அடியில் சாய்வாகத் துளையிட்டு எண்ணெய் தேடுகிறார்கள். அந்த முகாமில் நான் மொழிபெயர்ப்பாளன்.

பொருள்? துளையை மூடுவதா, வேண்டாமா?

துளைக்குள் ஒரு கருவியை இறக்கி மின்சாரம் செலுத்திப் பார்ப்பார்கள். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் தடுக்கும். எங்கள் துளையில் தடையே தென்படவில்லை. ஆகவே உப்புநீர், ஆகவே சிமெண்டை ஊற்றி மூடு... இது சென்னையிலிருந்து வந்த, தமிழறியாத பெரிய அதிகாரியின் கட்சி.

எதிர்க்கட்சி, வாயு அளக்கும் வங்காள இளைஞர் கோஷ். துளையிடும்போது உள்ளே செலுத்தும் சேறு, அடிப்பாறையின் வாயுவைச் சுமந்துகொண்டு மேலே வந்து தொட்டியில் விழும். அங்கே ஒரு கருவி அந்த வாயுவை முகர்ந்து முள்ளை அசைக்கும். குறிப்பிட்ட ஓர் ஆழத்தில் முள் துள்ளியது; வாயு இருந்தால் எண்ணெயும் இருக்கலாம். "இங்குள்ள மணலில் நுண்ணிய களிமண் கலந்திருக்கிறது. அது பிடித்து வைத்திருக்கும் உப்புநீர் மின்சாரத்தைக் கடத்திவிடுகிறது, அருகிலேயே இருக்கும் எண்ணெய் மறைந்துபோகிறது" என்பது கோஷின் வாதம்.

நான்கு மாதம் அந்த முள்ளின் முன் தவம் கிடந்தவர். ஆனால் அதிகாரியைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "எனக்காக நீங்கள் பேசுங்கள்" என்றார். என்னிடம் இதைச் சொல்லலாமா?

தொட்டியருகே நின்று ஆங்கிலத்தில் முழங்கினேன். "ஐயா, மின்சாரம் வெளியிலிருந்து போன சாட்சி. வாயுவோ பாறையின் வயிற்றிலிருந்தே வந்த சாட்சி. இதில் கலப்படம் இருக்க இயலுமா?"

அப்போதுதான் சாணிச் சட்டியோடு வந்தார் அஞ்சலையம்மாள் — முகாமைப் பெருக்குபவர்.

"இன்னா தம்பி, காலங்காத்தால மீட்டிங் போட்டுக்கினு கீற. ஓட்டு எதுனா கேக்கறியா?" என்றபடியே குனிந்து தொட்டியின் விளிம்பை மெழுகினார். மிச்சத்தைச் சேற்றிலேயே ஊற்றினார்.

"என்ன அது?" என்றார் அதிகாரி. மொழிபெயர்க்க வேண்டியவன் நான்தானே... கேட்டேன்.

"கெணறு தோண்ற எடமாச்சே. சாணி மொழுவாம உட்டா மண்ணு தண்ணியக் குடிச்சிடும். மிச்சத்த உள்ளயே கரைச்சி உட்டுடுவேன். கொட்டாய் போட்ட நாள்லேர்ந்து செஞ்சிக்கினுதான் வர்றேன். ஏன், தப்புங்களா?"

அப்படியே மொழிபெயர்த்தேன். நான்கு மாதச் சாணி, வெயிலில் புளித்து, சேற்றோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. சாணி புளித்தால் வாயு எழும் என்பதை அறிய அதிகாரியாக வேண்டியதில்லை.

"உங்கள் பாறையின் வயிற்றில் எத்தனை மாடுகள்?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

கோஷின் முகம் வெளுத்தது. சாணி தினமும்தான் புளிக்கிறது. முள் அந்த ஓர் ஆழத்தில் மட்டும் துள்ளுவானேன்? அருமையான வாதம். வாயெடுத்தேன்.

"இன்னும் ஒரு சொல் பேசினால் இப்போதே மூடிவிடுவேன்" என்றார் அதிகாரி. பிறகு தீர்ப்பு: தொட்டியைக் கழுவிப் புதுச் சேறு நிரப்புங்கள். அதே மணலில் இன்னும் பத்தடி துளையிடுங்கள். முள் எழுந்தால் துளை பிழைக்கும். எழாவிட்டால் சிமெண்ட்.

வியாழக்கிழமை துளையிட்டார்கள். அடியிலிருந்து சேறு மேலே வர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் நான் பேசவில்லை. என் வாழ்நாளில் இத்தகைய கொடுமையை அனுபவித்ததில்லை.

"இன்னா தம்பி, வாயில கொழுக்கட்டையா?" என்றார் அஞ்சலையம்மாள். முள்ளை நோக்கிக் கைகாட்டினேன்.

முள் படுத்தே கிடந்தது. கோஷ் கண்களை மூடிக்கொண்டார். ஒரு மணி நேரம் நிறைந்தது... முள் நெளிந்தது. பிறகு எழுந்து நின்றது.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். "மூட வேண்டாம்" என்றார்.

"அப்ப எஞ்சாணி மேல பழியில்லதான?" என்றார் அஞ்சலையம்மாள்.

"இல்லீங்கம்மா. ஆனா இனிமே ஊத்தாதீங்க" என்றேன்.

வாயைத் திறக்காமல் நான் வென்ற முதல் விவாதம் இது — பழக்கமாகிவிடாது, அஞ்ச வேண்டாம்.