மூன்றாவது எண்ணிக்கை

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் ஒரே நாளில் ஏழு இடங்களைப் பார்த்துவிடலாம் என்று எங்கள் கம்பெனி நோட்டீஸில் போட்டிருக்கும். கோட்டை, துறைமுகம், மீன் ஏலக்கூடம், மீன் காட்சியகம், கலங்கரை விளக்கம், கப்பல் அருங்காட்சியகம், கடைசியில் சூரியன் மறைகிற கடற்கரை. என்னைக் கேட்டால் மூன்று போதும் என்பேன். கோட்டையில் எவனும் எவனோடும் சண்டையே போட்டதில்லை. பீரங்கிக்கு வருடா வருடம் கறுப்புப் பெயின்ட் அடிப்பதோடு சரி. மீன் காட்சியகத்து ஆக்டோபஸ் பதினாறு வருடமாகக் கல்லுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆனால் என்னை யார் கேட்கிறார்கள்? நான் பஸ் ஓட்டுகிறவன். பேசுவது அக்காவின் வேலை.

அக்கா என்றால் என் கூடப்பிறந்த அக்காதான். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பஸ்ஸில் கைடு. அவள் சொல்லித்தான் பதினாறு வருடத்துக்கு முன்னால் எனக்கும் இந்த வேலை கிடைத்தது. வயது ஐம்பத்தொன்று. கழுத்தில் விசில், தோளில் தண்ணீர் பாட்டில், பையில் முழங்கால் வலித் தைலம். பயந்தவள் என்று சொன்னால் கோபம் வரும். ஜாக்கிரதையானவள் என்று சொல்ல வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். வெளியூரில் படிக்கிற மகள் போனை எடுக்கவில்லை என்றால் மைக்கில் பேசிக்கொண்டே இன்னொரு கையால் மறுபடி மறுபடி போடுவாள். ஒருநாள் பஸ் முழுக்க, "எடுத்துத் தொலையேண்டி" என்று கேட்டுவிட்டது. கோட்டையைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு இடத்திலிருந்து கிளம்பும்போதும் மூன்று தடவை ஆட்களை எண்ணுவாள். கூட்டத்தில் நம் ஆட்கள் யார் என்று தெரிய, பயணிகள் எல்லோருக்கும் கம்பெனி மஞ்சள் தொப்பி கொடுக்கிறது. முதல் இரண்டு தடவை பஸ்ஸின் முன்னால் நின்று தொப்பிகளை எண்ணுவாள். மூன்றாவது தடவை பின்கோடி வரை நடந்துபோய், ஒவ்வொரு ஸீட்டின் முதுகையும் விரலால் தொட்டு, முகத்தைப் பார்த்து எண்ணுவாள். அது முடிந்த பிறகுதான் "போலாம்" என்பாள். கம்பெனி கேட்பது ஒரே ஒரு எண்ணிக்கை. மற்ற இரண்டும் அவளுடைய சொந்தச் சரக்கு.

"உட்கார்ந்திருக்கிறவங்க குட்டி போட்டுடப் போறாங்களா, இத்தனை தடவை எண்ணுறே?" என்று நான் கிண்டல் செய்வேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

இதற்கு எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. எனக்கு ஐந்து வயது, அவளுக்கு ஒன்பது. மீன் மார்க்கெட்டில் அம்மா பேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பிடித்துக்கொள்ளும்படி அக்காவிடம் விட்டிருந்தாள். நான் காணாமல் போனேன். முக்கால் மணி நேரம் கழித்து, ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னை ஒரு சுமைகூலிக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். "புள்ளை கையை விட்டுட்டியே பாவி" என்று சொல்லிச் சொல்லி அம்மா அக்காவை அடித்தாள். எனக்கு ஓர் அடிகூட விழவில்லை, மிட்டாய்தான் கிடைத்தது. அக்கா கையை விட்டுவிட்டாள் என்பதுதான் இன்றுவரை உறவுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை.

அன்றைக்குப் பஸ்ஸில் முப்பத்தெட்டுப் பேர். அதில் ஒருவர் தனியாக வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, வெள்ளைச் சட்டைப்பையில் பேனா. கடைசிக்கு முந்தின வரிசையில் ஜன்னலோர ஸீட், பக்கத்து ஸீட் காலி. காலை ஒன்பது மணிக்கே நாங்கள் அவருக்குக் கேள்வி சார் என்று பெயர் வைத்துவிட்டோம். கோட்டைச் சுவர் எத்தனை அடி கனம்? துறைமுகத்துக் கிரேன்மேல் ஏறுகிறவருக்கு மேலே கழிப்பறை உண்டா? ஏலம் போடுகிறவர் மூச்சு விடாமல் கத்துகிறாரே, தொண்டை என்ன ஆகும்? மீன் காட்சியகத்தில், "இந்த ஆக்டோபஸ் தூங்குமா?" என்று கேட்டார்.

"அதைத்தான் சார் இருபத்திரண்டு வருஷமா பண்ணிட்டிருக்கு," என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

ஐந்தாவது இடம் கலங்கரை விளக்கம். எங்கள் ஊரில் உண்மையிலேயே பார்க்க வேண்டிய இடம் அதுதான். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடலுக்குள் ஒரு பெரிய பாறை, அதன்மேல் கலங்கரை விளக்கம். நடுவில் கல் பாவிய பாதை. கடல் இறங்கியிருக்கும்போது செருப்பு நனையாமல் நடந்து போகலாம். சாயங்காலம் கடல் ஏறினால் பாதை முழுகிவிடும். அதனால் நான்கு மணிக்குக் காவலாளி கதவைப் பூட்டிவிட்டு, கடைசிக் கூட்டத்தோடு தானும் கரைக்கு வந்துவிடுவார். அந்தக் கடைசிக் கூட்டம் தினமும் நாங்கள்தான்.

மேலே காற்று பேயாக அடிக்கும். போன வருடம் மட்டும் நாற்பது தொப்பி கடலோடு போயிற்று. ஆகவே அங்கே மட்டும், "தொப்பியை வண்டியிலேயே வச்சுட்டு வாங்க," என்பது அக்காவின் உத்தரவு.

பாறையில் கேள்வி சார், "கடல் ஏறினா தண்ணி எது வரைக்கும் வரும்?" என்று கேட்டாராம். முழங்கால் வலியோடு இருநூற்றுப் பதினான்கு படி ஏறி இறங்கியிருந்த அக்கா, "பின்பக்கம் பாறையில சிப்பி ஒட்டியிருக்கும் சார். அது வரைக்கும் வரும். நீங்களே போய்ப் பாருங்க," என்று சொல்லியிருக்கிறாள். சொன்ன தொனி சரியில்லை என்று பிறகு அவளே ஒத்துக்கொண்டாள்.

நான்கு மணிக்கு எல்லோரும் பஸ்ஸில் ஏறினார்கள். "தொப்பியைப் போட்டுக்குங்க, எண்ணப்போறேன்," என்றாள் அக்கா. முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினாள், முப்பத்தெட்டு. பிறகு முதல் ஸீட்டைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போகத் திரும்பினாள். எனக்குப் பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்து உயிரை வாங்கினான். அருங்காட்சியகத்தில் நாலே முக்காலுக்குமேல் உள்ளே விட மாட்டார்கள்.

"விடுக்கா. ரெண்டு தடவை சரியா வந்தாச்சு. மூஞ்சியைப் பார்த்து எண்ணினா மட்டும் கூடவா வரப்போகுது?"

"ஒரு நிமிஷம்டா."

நான் வண்டியை எடுத்துவிட்டேன். அவள் தடுமாறி முதல் ஸீட்டில் உட்கார்ந்தாள். முறைத்தாள். நான் கண்ணாடியைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தேன்.

வழியெல்லாம் பஸ் அமைதியாக இருந்தது. அக்கா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, "கேள்வி சார் தூங்கிட்டார் போல. அப்பாடா," என்றாள். நானும் சிரித்தேன்.

அருங்காட்சியக வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். பின்னால் ஒரு மஞ்சள் தொப்பி மட்டும் அசையாமல் இருந்தது. "சார், இடம் வந்தாச்சு," என்று அக்கா குரல் கொடுத்தாள். தொப்பி திரும்பவில்லை. "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனாள். போனவள் திரும்பி வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். ஸீட் முதுகின் உச்சியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஸீட்டில் ஆள் இல்லை.

முப்பத்தேழு பேரை அருங்காட்சியகத்து டிக்கெட் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வண்டியைத் திருப்பினேன். அக்கா பயணிகள் பட்டியலில் அவர் நம்பரைத் தேடிப் போன் போட்டாள். மணி எங்கள் பஸ்ஸுக்குள்ளேயே அடித்தது. அவர் ஸீட்டுக்கு அடியில், பைக்குள்.

அடுத்துக் காவலாளிக்குப் போட்டாள். அவர் வீட்டில் இருந்தார். "எல்லாரையும் இறக்கிட்டுத்தாம்மா பூட்டினேன். பாறைக்குப் பின்னாடி எல்லாம் யாரு போய்ப் பார்க்குறது?" என்றார். பிறகு, "தண்ணி ஏறியிருக்குமே இந்நேரம்," என்றும் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பாறைமேலேயே இருந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. பாதையில் இறங்கினால்தான் வினை. முழுகிய பாதையில் தண்ணீர் இடுப்பளவுதான், ஆனால் பக்கவாட்டில் இழுக்கும். முழங்காலுக்குமேல் ஏறிவிட்டால் எங்கள் மீனவர்களே அதில் கால் வைக்க மாட்டார்கள். வெளியூர்க்காரருக்கு இது எப்படித் தெரியும்? ஏறிக்கொண்டே வரும் தண்ணீரைப் பார்த்தால், இன்னும் ஆழமாவதற்குள் ஓடிப்போய்விடலாம் என்றுதானே யாருக்கும் தோன்றும்?

"நீச்சல் தெரியுமான்னுகூடத் தெரியலையேடா," என்றாள் அக்கா. "காலையிலேருந்து நூறு கேள்வி கேட்டார். நான் அவரை ஒண்ணுகூடக் கேக்கலை."

பாலத்துக்கு முன்னால் சிக்னல் விழுந்தது. அக்கா அந்தத் தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மீன் மார்க்கெட் கதையின் மீதியை இங்கே சொல்லிவிடுகிறேன். அக்கா அன்று என் கையை விடவில்லை. வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள். நான்தான் உதறிக்கொண்டு ஓடினேன். அவள் அடி வாங்கும்போது மிட்டாயைச் சப்பிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பீர்கள். எனக்கு இப்போது நாற்பத்தேழு. இன்னும் யாரிடமும் சொன்னதில்லை.

கரைக்கு வந்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. பாதையைக் காணோம். பாதை இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. பாறையில் யாரும் இல்லை. படிகளில் இல்லை, கதவருகில் இல்லை. அக்கா, "சார்! சார்!" என்று கத்தினாள். அலைச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. விசிலை எடுத்து ஊதினாள். மூச்சு வாங்க வாங்க ஊதினாள். நான் தண்ணீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளையாக எது மிதந்தாலும் சட்டை மாதிரித் தெரிந்தது.

கலங்கரை விளக்கத்துக்குப் பின்னாலிருந்து ஓர் உருவம் மெதுவாக வந்தது. கையைத் தூக்கி ஆட்டியது.

"இறங்காதீங்க! அங்கேயே இருங்க!" என்று கத்திவிட்டு அக்கா மணலில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். நான் ஓடிப்போய் ஒரு படகுக்காரரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தேன். வலிக்கிற முழங்காலோடு அக்காவும் படகில் ஏறிக்கொண்டாள். "நீ எதுக்கு?" என்றேன். பாறையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

திரும்பி வரும்போது அவருடைய மணிக்கட்டை அவள் பிடித்திருந்தாள். அவர் பேன்ட்டில் ஒரு கால் மட்டும் முழங்கால் வரை நனைந்திருந்தது.

"இறங்கிடலாமான்னு ஒரு கால் வச்சுப் பார்த்தேன்," என்றார். "இழுத்துது. அப்புறம் யோசிச்சேன். இந்தம்மா மூணு தடவை எண்ணுற ஆளாச்சே, கிளம்பின உடனே கண்டுபிடிச்சிருப்பாங்க, வந்துடுவாங்கன்னு பின்னாடி காத்து படாத இடமாப் பார்த்து உட்கார்ந்துட்டேன்."

அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இல்லைங்க," என்றாள். "அருங்காட்சியகத்துக்குப் போனப்புறம்தான் தெரிஞ்சுது. வண்டி அமைதியா இருக்கேன்னு எனக்கு நிம்மதியா இருந்துது சார்."

அவர் பஸ்ஸில் ஏறி முதல் ஸீட்டில், அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கடற்கரைச் சாலை போயிற்று, பாலம் போயிற்று. அவர் வாயே திறக்கவில்லை. அத்தனை கேள்வி கேட்ட மனுஷன்.

"ஏதாவது கேளுங்க சார்," என்றாள் அக்கா. கெஞ்சுகிற குரல்.

அவர் மடியிலிருந்த தொப்பியைத் திருப்பிப் பார்த்தார். "மத்த இடத்துல எல்லாம் மூணாவது தடவை ஸீட்டைத் தொட்டுத் தொட்டு எண்ணினீங்க. கலங்கரை விளக்கத்துல மட்டும் ஏன் எண்ணலை?"

ஒரு புகார்க் கடிதம் போதும், இருபத்திரண்டு வருட வேலை போய்விடும். அது அவளுக்கும் தெரியும்.

"முழங்கால் வலிங்க," என்றாள். "சோம்பல்பட்டு உட்கார்ந்துட்டேன். என் தப்புதான்."

"இல்ல சார்," என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "அவங்க எண்ணத்தான் எந்திரிச்சாங்க. ஒரு நிமிஷம்னு சொன்னாங்க. நான்தான் வண்டியை எடுத்துட்டேன். எழுதுறதா இருந்தா என்னைப் பத்தி எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். வாயைத் திறந்தது திறந்தாயிற்று.

"மீன் மார்க்கெட்லயும் நான்தான்க்கா கையை உதறிட்டு ஓடினேன்."

கண்ணாடியில் அக்காவின் கண் தெரிந்தது.

"தெரியும்டா," என்றாள். "ரோட்டைப் பார்த்து ஓட்டு."