பத்மா காரு ரெடி

போன வாரம் நகரியில் ஒரு வீட்டில், வாங்காத காருக்காகச் சண்டை. மூட்டிவிட்டவன் நான்தான்.

நானும் டில்லிபாபுவும் திருப்பதியில் வெப்சைட் செய்து கொடுக்கிறோம். எங்கள் முதல் கஸ்டமர் நகரி வனஜாக்கா, லேடீஸ் டெய்லர். ஜாக்கெட் தைத்து முடித்ததும் உரியவருக்குத் தானாக மெசேஜ் போக வேண்டும் – தெலுங்குக்காரர்களுக்குத் தெலுங்கில், நம்மவர்களுக்குத் தமிழில்.

இதற்கு ஒரு டெம்ப்ளேட் வேண்டும். வாசகம் அப்படியே நிற்கும், பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அதை எழுத இரண்டு வழி. பெயர் வரும் இடத்தில் இரட்டை அடைப்புக்குறி போடுவது டில்லியின் கட்சி. அடைப்புக்குறியே இல்லாமல், வரியின் முன்னால் விடும் இடைவெளியை வைத்தே கம்ப்யூட்டர் புரிந்துகொள்வது என் கட்சி. பார்க்க எவ்வளவு சுத்தமாக இருக்கும், தெரியுமா?

"அக்கா நாளைக்கு எதனா மாத்தணும்னா இன்னா பண்ணும்ணா?" என்றான் டில்லி.

"அவங்க ஏன்டா மாத்தப் போறாங்க?"

மூன்று நாள் வாக்குவாதம்... ஜெயித்தது நான்.

ஜெயித்த வேகத்தில் தெலுங்கு வாசகத்தைப் பார்த்தே தமிழும் அடித்தேன். தெலுங்கில் மரியாதைக்கு 'காரு' சேர்ப்பார்கள். பேச்சில் நமக்கும் பழகியதுதானே? நடுவில் ஒரு கமாவாவது போட்டிருக்கலாம். பத்மா என்பவருக்குப் போன மெசேஜ்: 'பத்மா காரு ரெடி. வந்து எடுத்துக்கொள்ளவும்.'

போனைப் பார்த்தது அவர் கணவர். "எனக்குத் தெரியாம எப்ப வாங்கின?"

விஷயம் கேட்டு வனஜாக்கா சிரித்தார். அவருக்கு மெசேஜைத் திருத்தும் பக்கத்தை டில்லி காட்டியிருந்தான். அவரே 'காரு'வை எடுத்துவிட்டு 'ஜாக்கெட்' என்று அடித்தார். வரி பளிச்சென்று தெரிய, முன்னால் இரண்டு ஸ்பேஸும் தட்டினார். இடைவெளி மாறியதும் என் சுத்தமான டெம்ப்ளேட் படுத்துவிட்டது. முகூர்த்த சீசன் – ஒருவருக்கும் மெசேஜ் போகவில்லை.

மறுநாள் காலை போன் வந்தது. சிரிப்பு இல்லை.

"ஜாக்கெட் இன்னும் ஆவலியான்னு ஜனம் என்னத் திட்டிக்கினு கீது. சாயங்காலத்துக்குள்ள சரியாவலன்னா இந்த சைட்டே எனக்கு வாணாம்பா."

முதல் கஸ்டமரே போய்விடுவார் போலிருந்தது. டில்லி உடனே லேப்டாப்பைத் திறந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் சொன்ன அடைப்புக்குறிக்கே எல்லாவற்றையும் மாற்றினோம்.

ஐந்து மணிக்கு வனஜாக்கா மறுபடி அடித்துப் பார்த்தார். இஷ்டத்துக்கு ஸ்பேஸ் தட்டினார். மெசேஜ் போயிற்று. கஸ்டமரும் தங்கினார்.

என்ன தப்பு நடந்தது என்று வெட்கத்தோடு போனில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நாளைக்கு டைட்டானா பிரிச்சி உடறதுக்குன்னு ஜாக்கெட்டுக்கு உள்பக்கம் கொஞ்சம் துணி உட்டு தைக்கிறமே... அதெல்லாம் உங்க படிப்புல சொல்லித்தர மாட்டாங்களா தம்பி?"