ஜக்கெட் பைக்குள் அடங்காத கைகள்

யோகமலரின் கைகள் அவரைக் கேட்டு எதையும் செய்வதில்லை. அவரிடம் உள்ள ஒரே குறை அதுதான். ஒரு பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கத் திணறினால், திறந்து கொடுப்போமா என்று அவர் நினைப்பதற்குள் பெட்டி திறந்திருக்கும். ஒரு பிள்ளையின் மூக்கு ஒழுகினால், அது யாருடைய பிள்ளை என்று பார்ப்பதற்குள் மூக்கு துடைபட்டிருக்கும். கனடாவின் டோர்செட் பார்க் பகுதியில் அவர் குடியிருக்கும் கட்டிடத்தின் லிஃப்டில், முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதரின் சட்டைக் கொலரை நேராக்கிவிட்டு, தன் மாடி வரும்வரைக்கும் மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

இப்படிப்பட்டவரைக் கொண்டுபோய் ஸ்கார்பரோவில் ஓர் ஆரம்பப் பள்ளியில், அதுவும் நாலைந்து வயதுப் பிள்ளைகளின் கிண்டர்கார்டன் வகுப்பில், மதியச் சாப்பாட்டு நேரத்தையும் மற்ற உதவிகளையும் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போட்டார்கள். பிள்ளைகளுக்கு அவர் 'மிஸ் மலர்'. செய்தி கேட்ட அன்றே கணவர் தில்லையம்பலம் சிரிக்கத் தொடங்கியவர்தான். அவர் ஒரு பார்சல் கொம்பனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது மனைவியைப் பகிடி பண்ணுவதுதான் அவருக்கு முழுநேர வேலை.

"இஞ்சரும், பள்ளிக்கூடத்தில பிள்ளையள் தாங்களாத்தான் சாப்பிட வேணுமாம். நீர் என்ன செய்யப்போறீர்?"

"நான் பாத்துக்கொண்டு நிப்பன்."

"நீரோ? பாத்துக்கொண்டோ?" என்று அவர் சோபாவிலிருந்து எழும்பாமலே உருண்டார்.

பிக்கரிங்கில் புது வீடு வாங்கிக்கொண்டு போன மகன் அபிஷனும் ஃபோனில் சேர்ந்துகொண்டான். "அம்மா, எனக்கு கிரேட் சிக்ஸ் வரைக்கும் நீங்கள்தானே உருட்டி வாயில தீத்தினீங்கள். இண்டைக்கும் டிவி போடாட்டில் எனக்குச் சோறு இறங்குதில்லை. அந்தப் பிள்ளையளாவது தப்பட்டும், ப்ளீஸ்."

பிள்ளைகள் தப்பவில்லை. செப்டம்பர் முதல் கிழமையே சாம்பவி என்று ஒரு சின்னப் பிள்ளை, பிளாஸ்கில் அம்மா கட்டிக்கொடுத்த சோறும் பருப்பும் ஆறிப்போக, கரண்டியை ஏதோ எதிரியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு இருந்தது.

"சாப்பிடுங்கோ குஞ்சு."

"எனக்கு ஏலாது. அம்மாதான் தீத்திறவா."

அவ்வளவுதான். பள்ளி கொடுத்த பிளாஸ்டிக் கையுறை யோகமலரின் கையில் ஏறியது எப்போது, சோறு குழைந்தது எப்போது என்று அவருக்கே தெரியாது. ஒரு உருண்டை உள்ளே போனது. பக்கத்தில் இருந்த மெலனி, ஐந்து வயது, தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறவள், வகுப்பின் அறிவிக்கப்படாத அதிபர், வாயைத் திறந்து "மீ டூ" என்றாள். மெலனியின் பெட்டியில் இருந்தது மக்கரோனி. மக்கரோனியை உருட்ட முடியாது என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. யோகமலர் உருட்டினார். வகுப்பாசிரியை வேரோனிக்கா தண்ணீர்ப் போத்தலோடு உள்ளே வந்தபோது, மேசையைச் சுற்றிக் காக்கைக் குஞ்சுகள் மாதிரி எல்லா வாய்களும் திறந்திருந்தன. நடுவே மிஸ் மலர், கையில் ஒரு மக்கரோனி உருண்டை.

வேரோனிக்கா கோபக்காரி அல்ல. ஆங்கிலத்தில்தான் சொன்னார், மெதுவாகத்தான் சொன்னார். "மிஸ் மலர், எழுத்தும் எண்ணும் எப்போதும் படிக்கலாம். ஆனால் இந்த இலையுதிர்காலத்தில் இவர்களுக்கு நான் படிப்பிக்கும் பெரிய பாடம் இதுதான். தாங்களே சாப்பிடுவது, தாங்களே ஜக்கெட் போடுவது, தாங்களே ஜிப் இழுப்பது. பனி கொட்டத் தொடங்கினால் இத்தனை பேருக்கும் நான் ஒருத்தி உடுப்பு மாட்ட முடியுமா?"

"ஓம், ஓம். விளங்குது" என்று தமிழிலேயே தலையாட்டினார் யோகமலர். தலையாட்டும்போதே வலது கை வேரோனிக்காவின் தோளில் இருந்த நூல் ஒன்றை எடுத்துவிட்டது.

அந்த வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. பிள்ளைகள் விரல் மடக்கிச் சொல்வார்கள்: முதலில் நானே செய்து பார்ப்பேன், முடியாவிட்டால் என் ஃப்ரெண்டைக் கேட்பேன், கடைசியில்தான் டீச்சர். மிஸ் மலரோ ஒரு பிள்ளை முதல் விரலை மடக்குமுன்பே கடைசி விரலில் வந்து நிற்பார்.

அடுத்த நாளே வேரோனிக்கா ஒரு பேச்சுவார்த்தைக்கு வந்தார். ஒக்டோபரில் தாங்ஸ்கிவிங் லீவு முடிந்த கிழமை வகுப்பு ஆப்பிள் தோட்டத்துக்குப் போகிறது. கூட வர ஒரு பெரிய ஆள் வேண்டும். மிஸ் மலருக்கு விருப்பமா?

விருப்பமா! கனடாவுக்கு வந்து இத்தனை வருடத்தில் யோகமலர் ஆப்பிளைக் கடையில்தான் கண்டிருக்கிறார். முதலில் தையல் தொழிற்சாலை, பிறகு முதியோர் இல்லத்துச் சமையலறை, இடையில் அபிஷனின் ரியூஷன், நீச்சல், மிருதங்கம். ஆப்பிள் மரத்தில் எப்படித் தொங்கும் என்று பார்க்க அவருக்கு ஒரு சனிக்கிழமைகூட மிஞ்சியதில்லை.

"ஆனால் ஒரு நிபந்தனை" என்றார் வேரோனிக்கா. "அதுவரைக்கும் யாருக்கும் ஜிப் இழுக்கக் கூடாது, யாருக்கும் ஊட்டக் கூடாது. கைகளை ஜக்கெட் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் நான் வேறு ஆளைக் கூட்டிப் போகவேண்டி வரும்."

யோகமலர் அந்த இடத்திலேயே இரண்டு கைகளையும் பைக்குள் போட்டார்.

இதில் வேரோனிக்காவுக்குத் தெரியாத ஒரு சங்கதி இருந்தது. கோடையில் இருந்தே யோகமலரின் வலது தோள் இறுகிப்போயிருந்தது. கை முன்னால் நீளும், மக்கரோனி உருட்டும், நூல் எடுக்கும். ஆனால் மேலே போகாது, பின்னாலும் போகாது. சுவரில் விரல்களைச் சிலந்தி மாதிரி மேலே ஏற்றிப் பழகச் சொல்லியிருந்தார் டொக்டர். "இண்டைக்குச் சிலந்தி எவ்வளவு தூரம் ஏறிச்சுது?" என்று ஒவ்வொரு பின்னேரமும் விசாரிப்பார் தில்லையம்பலம். காலையில் ஜக்கெட்டை மாட்டி ஜிப் இழுத்துவிடுவதும் அவர்தான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் உடுப்பு மாட்டிவிடும் கெட்டிக்காரியை வீட்டில் ஒருவர் உடுப்பு மாட்டித்தான் அனுப்பினார்!

அதனால் பள்ளியில் அவர் ஜக்கெட்டைக் கழற்றுவதே இல்லை. "மிஸ், ஆர் யூ கோல்ட்?" என்று பிள்ளைகள் கேட்டால், "ஓம், சரியான குளிர்" என்பார் வியர்த்துக்கொண்டு. தோள் விஷயம் தெரிந்தால் இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க முடியாதவர் என்று விட்டுவிட்டுப் போய்விடுவார்களே!

பிறகு வந்த கிழமைகள் யோகமலருக்குச் சோதனைக் கிழமைகள். வகுப்பில் இலையுதிர்காலம் மேசை மேசையாக வந்து இறங்கியது. பிள்ளைகள் முற்றத்தில் மேப்பிள் இலை பொறுக்கிவந்து சிவப்பு வேறு, மஞ்சள் வேறு, 'பாதி பாதி' வேறு என்று பிரித்தார்கள். காகிதத்துக்குக் கீழே இலையை வைத்து மேலே கிரேயோனால் தேய்த்தார்கள். மிஸ் மலருக்குக் காகிதம் நகர்வதைப் பார்க்கப் பொறுக்காது, ஒரு விரல் வைத்துப் பிடித்தால் போதும், ஒரே ஒரு விரல்... விரல் பைக்குள் நெளிந்தது. பூசணிக்காயைப் பிளந்து விதை எடுத்த நாளில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பிள்ளைகள் அந்தச் சதையை என்ன பாடு படுத்தினார்கள்! ஒரு சட்டி கறி வைக்கலாம்.

ஜக்கெட் போடுவதற்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்திருந்தார் வேரோனிக்கா. ஜக்கெட்டைத் தரையில் விரித்து, அதன் கழுத்துப் பக்கமாக நின்று, குனிந்து இரண்டு கைகளையும் விட்டு, தலைக்கு மேலால் ஒரு வீச்சு. அதற்குப் பெயர் 'ஃப்ளிப்'. மணி அடித்ததும் வகுப்பு முழுவதும் வண்ண வண்ணப் பறவைகள் சிறகடிப்பது போல இருக்கும். யோகமலர் அதை முதல்முறை பார்த்த அன்று வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி போடாமல், அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் ஃப்ளிப்பும் ஜிப்பும் பழகிவிட்டார்கள், சாம்பவி தவிர. அவளுடைய ஜிப்பின் முனை அந்தச் சின்னக் கூட்டுக்குள் ஒருநாளும் ஒழுங்காக இறங்காது. "மிஸ், ஏலாது" என்று நிமிர்ந்து பார்ப்பாள். யோகமலரின் கைகள் பைக்குள் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். மெலனி காவல் நிற்பாள்.

"மிஸ்! ஹேண்ட்ஸ்!"

"பைக்குள்ளதானே பிள்ளை இருக்கு."

"மூவ் பண்ணுது. ஐ கேன் ஸீ."

தோட்டத்துக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, சாம்பவி நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். டிக் என்று ஒரு சத்தம். ஜிப் சர்ரென்று தாடை வரைக்கும் ஏறியது. அவள் கத்தவில்லை, துள்ளவில்லை. தன் வயிற்றைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டாள். யோகமலருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கையை எடுத்தால் மெலனி பிடித்துவிடுவாள் என்பதால், கண்ணீர் தன்பாட்டுக்கு மூக்கு வரை வந்து சேர்ந்தது.

அந்த நாளும் வந்தது. மஞ்சள் பஸ் வாசலில் நின்றது. பிள்ளைகள் எல்லோரும் ஜக்கெட்டோடு தயார். அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை ஜூஸ் பெட்டியைக் கட்டிப்பிடிக்க, குழாய் வழியாகத் திராட்சை ஜூஸ் பாய்ந்து மிஸ் மலரின் நெஞ்சில் விழுந்தது.

"ஐயோ, கொடுங்கள், துடைத்துத் தருகிறேன்!" என்று வேரோனிக்கா ஜிப்பை இறக்கிவிட்டு, பின்னால் வந்து ஜக்கெட்டை உருவினார். வலது கை பின்னால் இழுபட்டபோது யோகமலர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். வேரோனிக்கா துடைத்தார், திருப்பிக் கொடுத்தார், "சீக்கிரம் போடுங்கள்" என்றுவிட்டுக் கதவடிக்குப் பிள்ளைகளை எண்ணப் போனார்.

யோகமலர் இடது கையை விட்டார். சரி. வலது கை பின்னால் போகவில்லை. கழற்றினார். வலது கையை முதலில் விட்டுப் பார்த்தார். பாதியில் நின்றது. வகுப்பு முழுவதும் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தயாராகாமல் இருந்த ஒரே ஆள் மிஸ் மலர்.

"டூ த ஃப்ளிப், மிஸ்!" என்றாள் மெலனி.

மானத்தைக் காப்பாற்ற வேறு வழியில்லை. யோகமலர் ஜக்கெட்டைத் தரையில் விரித்தார். குனிந்தார். கைகளை விட்டார். வீசினார். இடது பக்கம் மேலே போனது, வலது பக்கம் வரமாட்டேன் என்றது. ஜக்கெட் தலையில் கவிழ்ந்துகொண்டது. உள்ளே ஒரே இருட்டு, திராட்சை வாசம். வெளியே ஒரு பிள்ளை மிகுந்த அக்கறையோடு, "இஸ் ஷீ ஸ்டக்?" என்று கேட்டது.

கதவடியில் எண்ணிக்கை நின்றது யோகமலருக்குக் கேட்டது. போச்சு. ஆப்பிளும் போச்சு, மரமும் போச்சு.

மெலனியின் குரல்தான் முதலில் வந்தது. "மிஸ், யூ ட்ரைட். இப்ப ஃப்ரெண்டைக் கேக்க வேணும். அதுதான் ரூல்."

யோகமலர் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ செய்திருக்கிறார். கேட்டதில்லை. காலையில் தில்லையம்பலம் ஜக்கெட் மாட்டிவிடுவதுகூட, இவர் கேட்காமல் அவர் எடுத்துக்கொண்டு வந்து நிற்பதால்தான். ஜக்கெட்டுக்கு உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"ஆராவது... எனக்கு ஒருக்கா உதவி செய்யிறியளோ?"

கைகள் வந்தன. எத்தனை கைகள்! ஒன்று இழுத்தது, ஒன்று தள்ளியது, ஒன்று காரணமில்லாமல் முதுகைத் தட்டிக்கொடுத்தது. இறுகிய கை முதலில் உள்ளே போனது, மற்றக் கை பிறகு போனது, தலை வெளியே வந்தது. முன்னால் சாம்பவி நின்றாள்.

"நான் ஜிப் போடுறன்."

முனையைக் கூட்டுக்குள் விட்டாள். வழுக்கியது. திரும்ப விட்டாள். நாக்கு வெளியே வந்தது. பஸ்காரர் ஒரு ஹோர்ன் அடித்தார். யோகமலரின் இடது கை மெல்ல, யாருக்கும் தெரியாமல், ஜிப்பை நோக்கிக் கிளம்பியது.

"மிஸ்! ஹேண்ட்ஸ்!"

கை பைக்குள் போனது. டிக். சர்ர்ர். கழுத்தில் இருந்த சால்வையின் ஓரத்தையும் சேர்த்துக் கடித்துக்கொண்டு ஜிப் தாடையில் வந்து நின்றது.

வேரோனிக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "தோளா? எவ்வளவு நாளாக?"

"கோடையில இருந்து" என்றார் யோகமலர், தரையைப் பார்த்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "சொன்னால் கூட்டிக்கொண்டு போகமாட்டியள் எண்டு..."

"மிஸ் மலர், கைகளை அசைக்காதீர்கள் என்று ஒரு மாதமாக உங்களிடம் கெஞ்சுகிறேன். அதில் ஒன்று தானாகவே அசையாது என்று இப்போது சொல்கிறீர்கள். இதைவிட நல்ல செய்தி எனக்கு வேறு என்ன வேண்டும்? ஏறுங்கள் பஸ்ஸில்!"

தோட்டத்தில் பிள்ளைகள் நீளக் கயிறொன்றைப் பிடித்துக்கொண்டு வாத்துக் குஞ்சுகளாய் நடந்தார்கள். கயிற்றின் கடைசி முனை யோகமலரின் இடது கையில். மரங்கள் வானத்தை முட்டும் என்று நினைத்திருந்தார் அவர். அந்த மரங்களோ அவருடைய உயரத்தை விடக் கொஞ்சம்தான் கூட. கிளைகள் பாரத்தில் தாழ்ந்து, சாம்பவியின் மூக்கடியில் பழத்தை நீட்டிக்கொண்டு நின்றன. கையை உயர்த்தவே தேவையில்லை. வலது கையாலேயே ஒன்றைப் பிடித்துத் திருகினார். கழன்று வந்தது. அதைக் கடிக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தப் பை அத்தனை நாளும் கண்டது கையை மட்டும்தான்.

பின்னேரம் வீட்டுக் கதவைத் திறந்ததும் தில்லையம்பலம் வழக்கம்போல ஜக்கெட்டைக் கழற்றக் கையை நீட்டினார்.

"பொறுங்கோ. முதல் நான்."

"என்ன?"

"முதல் நான் செய்து பாக்க வேணும். அதுதான் சட்டம்." ஜிப்பை இழுத்தார். சால்வையைக் கடித்த ஜிப் அசையவில்லை. இன்னும் இழுத்தார். பிறகு நிமிர்ந்து, முப்பது வருடத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "ஏலாமக் கிடக்கு. ஒருக்கா உதவி செய்யுங்கோவன்."

தில்லையம்பலத்துக்குப் பகிடி ஒன்று வாயில் வந்து, வந்த வழியே திரும்பிப் போனது. குனிந்து ஜிப்போடு மல்லுக்கட்டினார். அவராலும் முடியவில்லை.

"ஆர் போட்டது உது?"

"சாம்பவி. நல்லாத்தானே போட்டிருக்கிறா."

"நல்லாத்தான் போட்டிருக்கிறா. இனி வசந்தம் வந்தாத்தான் கழரும்."

கடைசியில் யோகமலர் ஜக்கெட்டோடேயே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். தில்லையம்பலம் ஆப்பிளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு துண்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஆ காட்டும்."

"விசரே உங்களுக்கு? நான் என்ன சின்னப்பிள்ளையே?" என்றார் யோகமலர். ஆனால் அவருடைய கைகளைப் போலத்தான் வாயும். அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.