முடிச்சக்காவும் நீலக் குறியும்

கர்ப்பம் தரிக்காமல் இருக்கக் கருப்பைக்குள் வைக்கிற காப்பர்-டி செய்கிற கம்பெனியில் அவளை எல்லோரும் முடிச்சக்கா என்பார்கள். தீக்குச்சியைவிடக் குட்டையான அந்தச் சாதனத்தின் வாலில் நைலான் நூலைக் கோத்து முடிச்சுப் போடுவது பத்தொன்பது வருஷமாக அவள் வேலை. அவள் அம்மாவுக்கு ஒன்பது பிள்ளை, பெரியம்மாவுக்குப் பதினொன்று, சின்ன அத்தை எட்டாவதோடு போய்ச் சேர்ந்தாள். அதை நினைத்தே போடுவாளோ என்னவோ, அவள் முடிச்சு அவிழ்ந்ததாகப் பேச்சே இல்லை.

மருமகளுக்கு இரண்டாவது பிரசவம் ஆபரேஷன். இரண்டு வருஷம் வயிறு ஓயவேண்டும் என்று டாக்டரம்மா காப்பர்-டி போட்டு அனுப்பினார். நாலு மாதம்கூட ஆகவில்லை, பாத்திரம் கழுவிக்கொண்டே மருமகள் சொன்னாள்.

"அத்தை, இதை எடுத்துடலாம்னு இருக்கேன்."

"ஏம்மா, வலிக்குதா?"

"எனக்கில்ல." குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். "உங்க பிள்ளைக்குத்தான். நூல் குத்துதாம்."

முடிச்சக்காவுக்குச் சிரிப்பு முட்டியது. "தடுப்பூசிக்கே கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சவன் அவன்." ஆனால் எடுத்துவிட்டு இன்னொன்று உண்டானால் இந்தப் பெண் தாங்குவாளா?

மறுநாள் வேலையிடத்தில் நூலைப் பல நீளத்தில் வெட்டி உதட்டில் வைத்துப் பார்த்தாள். நீளமாக விட்டது வளைந்து கொடுத்தது. ஒட்ட வெட்டியது, சவரம் செய்த மறுநாள் தாடிபோல் நின்று குத்தியது. அதை டிசைன் இன்ஜினியரிடம் கொண்டுபோனாள்.

"இழுத்துப் பார்த்தாச்சு அக்கா, அறுந்துபோகாது," என்றார் அவர்.

"குத்துதான்னு பார்த்தீங்களா சார்?"

"யாரும் புகார் எழுதலையே."

"உங்க படிவத்துல அதுக்குக் கட்டம் எங்க இருக்கு? என் மருமகளே குழாய்ச் சத்தத்துலதான் சொன்னா."

அவர் நூலை உதட்டில் வைத்தார். வெடுக்கென்று எடுத்தார்.

அந்த வாரமே மருமகளை அழைத்துக்கொண்டு, இன்ஜினியரிடம் பேசியதையெல்லாம் வழியில் சொல்லிக்கொண்டே, முடிச்சக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒட்ட வெட்டிய நூலை இனி நீட்ட முடியாது என்று நர்ஸம்மா பழையதை எடுத்து, உடனே புதிது போட்டு, நூலை இரண்டு விரல் அகலம் விட்டு வெட்டினார். கம்பெனியில் சோதனை எல்லாம் முடிந்து, இன்னும் மெல்லிய நூல் வர ஒரு வருஷம் ஆயிற்று. அதில் ஒரு நீலக் குறி. அதைத் தாண்டி ஒட்ட வெட்டக்கூடாது.

டாக்டரம்மா சொன்ன இரண்டு வருஷமும் கழிந்தது. மருமகள் தேறி, சின்னதின் பின்னால் வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள்.

"இப்ப புகார் ஏதும் உண்டாம்மா?"

"படிவத்துல கட்டம் இல்லையே அத்தை."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மகன் எட்டிப் பார்த்தான்.

"என்ன சிரிப்பு?"

"உனக்கு ஒண்ணுமில்ல, போடா," என்றாள் முடிச்சக்கா.