குழாய்ச் சாவி கைமாறியது

கோக்-சாய் கிராமத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்த வருஷமே அனார்குல்லின் நிம்மதி போனது. மலை ஊற்றிலிருந்து குழாய் இறக்கியது ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். ஊரில் அதற்குப் பொறுப்பு அவள். பள்ளம் தோண்டும்போது ஆண்களுக்குச் சமமாக மண்வெட்டி பிடித்தவள் என்று எல்லோரும் மெச்சினார்கள். அதெல்லாம் கோடை வரும்வரைதான்.

ஊற்று இளைத்ததும் மேட்டிலிருந்த மேல்தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை. தண்ணீரைத் திறந்து மூடும் சாவி கீழ்த்தெருக்காரியான அனார்குல்லிடம் இருந்தால் வேறென்ன நடக்கும் என்று பேச்சு கிளம்பியது.

ஒருநாள் காலை மேல்தெரு டொக்டோசுன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, மேட்டிலிருந்த குழாயை உடைக்கக் கடப்பாரையோடு நின்றான். நிறுவனத்துப் பிள்ளைகள் போலீசைக் கூப்பிடப் போனார்கள். போலீஸ் வந்தால் அப்புறம் இந்த ஊரில் இரண்டு தெருவும் ஒன்றாக உட்காராது என்று தடுத்துவிட்டு, அனார்குல் தனியாக ஏறினாள்.

"கிட்ட வராதீங்க அக்கா. உங்க தெருவுல உருளைக்கிழங்குக்குப் பாயுது. எங்க வீட்டுல டீ போடத் தண்ணியில்ல."

இல்லையென்று சொல்ல அவளால் முடியவில்லை. கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி நீட்டினாள்.

"இந்தா தம்பி. இனிமே நீயே திற, நீயே மூடு. ரெண்டு தெருவுக்கும்."

"மூடியே வெச்சிட்டேன்னா?"

"அப்பவும் சாவியக் கேக்க மாட்டேன். தண்ணி கேப்பேன்."

கடப்பாரை இறங்கியது. ஆனால் அன்று மாலை கீழ்த்தெருக் குழாய்களில் காற்றுதான் வந்தது. மறுநாளும் அப்படியே. ஆற்றுக்கு வாளி தூக்கிப்போன பெண்கள் அவள் வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டையும் அவனுக்கே எழுதிக்கொடுத்துவிட வேண்டியதுதானே என்றார் கொழுந்தன் ஜோல்டோஷ். தப்புச் செய்துவிட்டோமோ என்று அவளுக்கே தோன்றியது. கழுதையில் தண்ணீர் ஏற்றி, படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் வீடுகளுக்குக் கொண்டுபோய் ஊற்றினாள்.

கடைசியில் டொக்டோசுனே வந்தான். கண்கள் சிவந்திருந்தன. கீழே அடைத்தால் இங்கே திட்டுகிறார்கள், திறந்தால் அங்கே திட்டுகிறார்கள் என்று புலம்பினான்.

"கிழங்குக்குப் பாய்ச்சறத நீங்க நிறுத்துங்க அக்கா. மத்தத நான் பாத்துக்கறேன்."

அவள் முதலில் போய் நின்றது ஜோல்டோஷின் கிழங்குத் தோட்டத்தில். வாக்குவாதம் முற்றி அவர் அவளோடு பேச்சையே விட்டார். ஆனால் ரப்பர் குழாயைச் சுருட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் சுருட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் இரண்டு தெருவிலும் மெல்லிசாகத் தண்ணீர் ஓடியது.

அடுத்த வசந்தத்தில் தண்ணீர்க் குழுவுக்கு டொக்டோசுனைத் தலைவனாக்கியதே அவள்தான். இப்போது அவன் சொல்லும் நாளில் ஊற்றடிக்குப் போய்ச் சேறு அள்ளுகிறாள். ஜோல்டோஷ் இன்னும் அவளோடு பேசுவதில்லை.