கராம்பு எண்ணெயும் சித்தியின் தாடையும்

"கிருமியெல்லாம் செத்துப்போச்சுன்னா வலி ஏன்டா திரும்பத் திரும்ப வருது?"

சித்தி இதைக் கேட்டபோது நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன்.

விஜயலெட்சுமி சித்தி பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அவருக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. வைத்தியரிடம் காட்டப் போனால் அன்றைக்கு வேலைக் கணக்கில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. அதனால் கராம்பு எண்ணெயில் பஞ்சை நனைத்துப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு கொழுந்து மலைக்குப் போவார். எண்ணெய் விற்றவர் சித்தியின் பெரியப்பா மகன் கணபதி. கொழுந்து நிறுக்கும் இடத்துக்குச் சின்னப் போத்தல்களோடு வந்து, இது வாய்க்கிருமியைக் கொன்றுவிடும், பல்லைப் பிடுங்கவே தேவையில்லை என்பார். அண்ணன் சொல்கிறாரே என்று, சித்தி தன்னோடு பறிக்கும் பெண்களையும் வாங்க வைத்தார். பஞ்சை வைத்ததும் வலி அடங்கும். அதனால் எல்லோரும் நம்பினார்கள்.

ஒரு காலையில் சித்தி கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், காய்ச்சலோடு எழுந்தார். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பல் கிளினிக் வாங்கில் கணபதி மாமா உட்கார்ந்திருந்தார். பல்லைப் பிடுங்கிய இடத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, எண்ணெ தீந்துபோச்சா?" என்றார் சித்தி.

மாமா பஞ்சை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "நாலு எடத்துக்கு யாவாரத்துக்குப் போறவன் தங்கச்சி. வலியோட அலைய முடியுமா?"

"அப்ப நாங்க?"

அவர் சுவரைப் பார்த்தார்.

சித்தியைப் பார்த்த டாக்டர் மயூரிதான் எனக்கு விளக்கினார். கராம்பு எண்ணெய் தான் படுகிற இடத்துக் கிருமிகளைக் கொல்லும், வலியையும் மரத்துப்போக வைக்கும். ஆனால் வேருக்கடியில் கட்டிய சீழுக்குப் போய்ச் சேராது. வலி தெரியாமல் இருந்த காலத்தில் சீழ் தாடை எலும்பு வரை பரவியிருந்தது. மூன்று பற்களைப் பிடுங்கி, தாடைக்குக் கீழே வெட்டித்தான் சீழை எடுத்தார்கள்.

கணபதி மாமா பல் பிடுங்கிய விஷயம் எங்களுக்கு முன்பே எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்துவிட்டது. "ஒங்கண்ணனுக்கு ஆள் புடிச்சு விட்டியா விஜயா?" என்று பக்கத்து வீட்டு ரெங்கம்மா கேட்டார். அறுத்த இடத்தை விட அதுதான் சித்திக்கு வலித்தது. புண் ஆறி வேலைக்குப் போன முதல் நாள், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் தழும்பைக் காட்டி, கிளினிக்கில் கண்டதைச் சொன்னார். அண்ணன் என்று சொல்லவில்லை, கணபதி என்றார்.

கணபதி இப்போது எங்கள் தோட்டத்துக்கு வருவதில்லை. வேறு தோட்டங்களில் விற்கிறாராம். அங்கெல்லாம் போய்ச் சொல்ல சித்தியால் முடியாது. உங்கள் லயத்தில் யாராவது பல்லில் பஞ்சை வைத்துக்கொண்டு மலைக்குப் போனால், இந்தக் கதையை அவருக்குச் சொல்லுங்கள்.